காலே அரைக்காலே மாகாணி

எல்லோரும் கேட்பது இதைத்தான்:
எந்தக் காருக்கு?

எந்தக் காருக்கும் இல்லை.
என்னுடையது கொரியாக் கார்,
நட்டெல்லாம் மில்லிமீட்டர்,
அதில் ஒன்றைக்கூட நான் கழற்றியதில்லை.

நீலத் தகரப்பெட்டி. பிரிட்டூல்.
மூடியில் யாரோ ஆணியால் கீறிய
ஆர்.பி. என்ற இரண்டெழுத்து.
உள்ளே பதினான்கு பள்ளம், பதின்மூன்று சாக்கெட்.
மிச்சப் பள்ளத்தில் ஆறு வருடமாகத்
தூசு குடியிருந்தது,
வாடகை தராமல்.

விட்வொர்த் அளவே ஒரு வேடிக்கை.
அரை என்று அடித்திருப்பார்கள்.
வாயை அளந்தால் முக்காலையும் தாண்டும்.
எண் சொல்வது வாயின் அகலத்தை அல்ல,
போல்ட்டின் உடம்புப் பருமனை.
பிடிப்பது தலையை,
பேசுவது உடம்பை.
எக்ஸ்ரே அறையில் இது எனக்குப் பழக்கம்தான்:
முழங்கால் வலி என்று வருவார்கள்,
கோளாறு இடுப்பில் இருக்கும்.

எண்சுவடியில்
பரீட்சைக்கு வராது என்று
வாத்தியார் புரட்டிவிட்ட பக்கம் ஒன்று உண்டு,
கீழ்வாய் இலக்கம்.
அதன் சொற்களுக்கு நான் கண்ட ஒரே உபயோகம்
இந்தப் பெட்டி.
மும்மாகாணி, கால், காலே மாகாணி, காலே அரைக்கால்
என்று விரல் நகர்ந்து போய்
பல் விழுந்த இடத்தில் நிற்கும்:
காலே அரைக்காலே மாகாணி.
பதினாறில் ஏழு.

பிப்ரவரி, பல்லாரட்,
ஊருக்கு வெளியே புல் காய்ந்த திடல்.
விடியுமுன்பே டார்ச்சோடு திரிபவர்களில் நானும் ஒருத்தி.
நத்தை முத்திரை போட்ட ஸ்பானர்கள்,
பிடி உடைந்த சுத்தியல்கள்,
ஒரு வாளி நிறைய எதற்கென்றே தெரியாத ஸ்பிரிங்.
மெர்வ் ஹாக்கிங் கடையில் எனக்கு வேண்டியது எதுவுமில்லை.
குனிந்து ஷூ நாடா கட்டினேன்.
மடக்குமேசைக்கு ரப்பர் தொப்பி தொலைந்த கால் ஒன்று.
அதற்குச் செருப்பு மாட்டியிருந்தார்.
டார்ச் அடித்தேன்.
ஏழு, கோடு, பதினாறு.

“அது விற்பனைக்கில்லை, லவ்.
அது மேசை.”

பத்து டாலர் என்றேன். சிரித்தார்.
இருபது என்றேன். மேசை சாயும் என்றார்.
டிக்கியில் கோகிலனின் ஊன்றுகோல் கிடந்தது,
கணுக்கால் கூடி வருடமாகியும் இறக்காமல்.
அதன் ரப்பர் அடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.
மாட்டினார். ஆட்டிப் பார்த்தார்.
இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்.
முன்னைவிடத் தேவலை.
அப்படியும் இரண்டு டாலர் கேட்டு வாங்கினார்.

வினிகரில் ஓர் இரவு, கம்பி பிரஷ், எண்ணெய்.
பள்ளத்தில் வைத்தேன்.
மூடி மூடவில்லை.
வேறு வருடத்து வார்ப்போ என்னவோ,
ஒரு வீசம் உயரம் கூடுதல்.
ஆறு வருடம் காத்த பெட்டி
வந்ததை ஏற்க மாட்டேன் என்றது.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்,
வேறெங்கே வைப்பது.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கட்டு வந்தது.
நோரீன், புங்கரியில் உருளைக்கிழங்குப் பண்ணை.
எலும்பு முறியவில்லை, வீக்கம்தான்.
எப்படி ஆயிற்று?
அட்ஜஸ்டபிள் ஸ்பானர் வழுக்கிவிட்டது.
எதிலிருந்து?
அணைக்கட்டுப் பம்பு. பழைய லிஸ்டர் எஞ்சின்.
எந்த ஸ்பானரும் அதற்குச் சேர்வதில்லை,
எல்லாம் ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டிய கை
கோட்டுப் பைக்குள் போனது.

ஷிப்ட் முடிந்து புங்கரி.
சிவப்பு மண், தகரக் கொட்டகை,
மூலை மழுங்கிய நட்டு.
சாக்கெட் அதன்மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.
இழுத்தேன்.
சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன்.
நோரீன் நல்ல கையால் என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள
மறுபடி இழுத்தேன்.
நெட்டி முறிந்ததுபோல் ஒரு சத்தம்.
என்னுடைய தோள்தான் என்று நினைத்தேன்.
நட்டு நகர்ந்திருந்தது.

அவள் சாக்கெட்டை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“எந்தக் காருடையது இது?”

மேசையுடையது என்றேன்.